கிரீடம் பிறந்த கடற்கரை

வியாழன், அட்லாண்டிக் சிட்டி

மிஸ் அமெரிக்கா போட்டி எங்கே பிறந்தது என்று கேட்டால் நியூயார்க் என்றோ ஹாலிவுட் என்றோதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் அது பிறந்தது நியூஜெர்சி மாநிலத்தின் இந்தக் கடற்கரை ஊரில். கோடை முடிந்ததும் பயணிகள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களை இன்னும் சில நாள் பிடித்து வைக்க 1921 செப்டம்பரில் ஊர் வியாபாரிகள் ஒரு திருவிழா நடத்தினார்கள். அதில் ஒரு பகுதியாக நடந்த அழகிப் போட்டியில் வாஷிங்டனிலிருந்து வந்த மார்கரெட் கோர்மன் ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது 16. உதவித்தொகை, நேர்காணல், சமூக சேவை என்று இன்று நாங்கள் பேசுவது எதுவும் அன்று கிடையாது.

"நாங்கள்" என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. நானும் அந்த அமைப்பின் படிகளில் ஏறிக்கொண்டிருக்கிறவள்தான். உள்ளூர்ப் போட்டியில் ஜெயித்தால் மாநிலப் போட்டி, அதில் ஜெயித்தால் தேசியப் போட்டி. கடந்த ஜூனில் மாநில மேடை வரை போனேன். கிரீடம் வேறொரு பெண்ணுக்குப் போனது. எனக்குக் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கட்டும் அளவுக்கு உதவித்தொகை கிடைத்தது. மறுபடி விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று செமஸ்டர் தொடங்குவதற்குள் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறேன். "வண்டியை எடு, போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றாள் அம்மா. அப்படித்தான் இந்தப் பயணம் தொடங்கியது.

சின்ன வயதிலேயே அப்பா அம்மாவோடு அமெரிக்கா வந்து, இங்கேயே வளர்ந்து குடியுரிமை பெற்றவள் நான். வீட்டிலும் எங்கள் கிறிஸ்தவ சபையிலும் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம். சபையில் சிலருக்கு நான் அழகிப் போட்டிக்குப் போவது பிடிக்கவில்லை. "விசுவாசி வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று அம்மாவிடம் நேராகவே கேட்டிருக்கிறார்கள். போட்டியாளர்கள் பக்கத்திலோ, சனிக்கிழமை இரவு எல்லோரும் வெளியே போகும்போது நான் மறுநாள் ஞாயிறு பள்ளிக்குப் பாடம் தயாரிப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள். இரண்டு பக்கத்தையும் எனக்குப் பிடிக்கும். இரண்டு பக்கமும் என்னை முழுசாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஏக்கமும் உண்டு.

இன்னொரு விஷயம் மனதில் கிடக்கிறது. இந்த முறை நான் போட்டியிட நினைக்கும் உள்ளூர்ப் போட்டிக்கு ஞாயிறு காலைகளில் ஒத்திகை வைத்திருக்கிறார்கள். நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.

மாலையில் போர்டுவாக்கில் நடந்தோம். கடலை ஒட்டி நீளும் இந்த மரப்பலகைப் பாதையை முதன்முதலில் 1870இல் போட்டார்களாம். கடற்கரைக்குப் போய் வருகிறவர்கள் காலோடு அள்ளி வந்த மணல் ஓட்டல் கூடங்களிலும் ரயில் பெட்டிகளிலும் சேர்ந்துகொண்டே இருந்ததுதான் காரணம். இன்று ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வரிசையாக சூதாட்ட விடுதிகள். 1978லிருந்து இங்கே கேசினோக்கள் நடக்கின்றன. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. அம்மா கேசினோ பக்கம் திரும்பவே இல்லை, கடலைப் பார்த்தபடியே நடந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: "ஜூன்ல மேடைக்குப் போறதுக்கு முந்தி என்ன ஜெபம் பண்ணுன?"

உடனே பதில் சொல்ல வரவில்லை. அன்று திரைக்குப் பின்னால் நாங்கள் சிலர் கை கோர்த்து நின்று ஜெபித்தோம். ஒரு பெண் கண்ணீரோடு, "ஆண்டவரே, இது உம்முடைய சித்தமானால் எனக்கே தாரும்" என்றாள். அவள் கையைப் பிடித்திருந்தவளும் மனதுக்குள் அதையேதான் கேட்டிருப்பாள். ஒரே கிரீடத்தை எல்லோரும் ஒரே ஆண்டவரிடம் கேட்கிறோம். கிடைத்தவளின் ஜெபத்தைக் கேட்டார், மற்றவர்களுடையதைக் கேட்கவில்லை என்றா சொல்வது? அன்றிலிருந்து என்னைக் குடைகிற கேள்வி இது.

"ஜெயிக்கிறவளைப் பாத்துப் பொறாமைப்படாம இருக்க பெலன் தாங்கன்னு கேட்டேன்மா" என்றேன்.

"கெடைச்சுதா?"

"கொஞ்சம் கெடைச்சுது."

அம்மா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

வெள்ளி, போர்டுவாக் ஹால்

இன்று நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

போர்டுவாக் ஹால் 1929இல் திறக்கப்பட்ட பிரம்மாண்டமான அரங்கம். வளைந்த கூரை 130 அடிக்கு மேல் உயரம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. பல பத்தாண்டுகள் மிஸ் அமெரிக்கா கிரீடத்தை இங்கேதான் சூட்டினார்கள். 2006இல் போட்டி லாஸ் வேகாசுக்குப் போய், 2013இல் திரும்பி வந்து, 2018க்குப் பிறகு மறுபடியும் ஊரை விட்டுப் போய்விட்டது.

எங்களை இங்கே இழுத்து வந்தது ஆர்கன், குழாய்களில் காற்றைச் செலுத்தி இசை எழுப்பும் பெரிய வாத்தியம். உலகத்திலேயே மிக அதிகக் குழாய்கள் கொண்ட ஆர்கன் இந்த அரங்கத்தின் சுவர்களுக்குள் இருக்கிறது. 33,000க்கும் மேற்பட்ட குழாய்கள்! 1929க்கும் 1932க்கும் இடையில் கட்டியது. 1944 புயலில் பெரிய சேதம் கண்டு பல வருடம் ஊமையாகக் கிடந்த பகுதிகளை இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வருகிறார்கள். கோடையில் வார நாட்களில் மதிய நேரத்தில் இலவசமாக வாசிக்கிறார்கள். சபையில் கேட்டுப் பழகிய வாத்தியத்தை அழகிப் போட்டி நடந்த அரங்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அடி ஸ்தாயி வந்தபோது சத்தம் காதுக்கு எட்டும் முன்பே நாற்காலியின் கைப்பிடி அதிர்ந்தது, நெஞ்செலும்பும் அதிர்ந்தது.

அந்த அதிர்வில் ஹெதர் ஒயிட்ஸ்டோன் நினைவுக்கு வந்தார். அலபாமா மாநிலத்துக் கல்லூரி மாணவி. ஒன்றரை வயதில் நோய்வாய்ப்பட்டுக் கேட்கும் திறனை ஏறக்குறைய முழுவதும் இழந்தவர். 1994 செப்டம்பரில் இதே அரங்கத்தில், இயேசு சிலுவை சுமந்து நடந்த பாதையைப் பாடும் 'வியா டோலரோசா' பாடலுக்கு பாலே ஆடினார். பாட்டு அவருக்குச் சரியாகக் கேட்காது. தாளத்தை மனதுக்குள் எண்ணி, இசையோடு அசைவு பொருந்தும்படி பழகியிருந்தார். அந்த நடனத்தின் காணொளியைப் பள்ளி நாட்களில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். திறமைச் சுற்றுக்கு நான் வேதாகமத்தின் 121ஆம் சங்கீதத்துக்குப் பரதம் அமைத்துக்கொண்டதற்கு விதை அங்கே விழுந்ததுதான். பர்வதங்களை நோக்கிக் கண்ணை ஏறெடுக்கும் முதல் வரிக்கு என் டீச்சர் கையை அசைக்கவே விடவில்லை. உடம்பு சிலையாக நிற்க, கருவிழி மட்டும் தரையிலிருந்து மெதுவாக மேலே போக வேண்டும். மேடை விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும்போது இமைக்காமல் அதைச் செய்வது லேசான காரியமில்லை.

ஆனால் ஹெதரைப் பற்றி எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது அந்த இரவின் கடைசி நிமிடம். மேடையில் இரண்டு பேர்தான் மிச்சம். பெயரை அறிவிக்கிறார்கள். ஹெதருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்தான் விரலை நீட்டி, 'நீதான்' என்று காட்டினார். தோற்றுப்போன அந்த நொடியிலேயே, ஜெயித்தவளுக்கு ஜெயித்த செய்தியைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் நின்றார், சொன்னார். என்ன விசுவாசம் கொண்டவர் என்று எனக்குத் தெரியாது. திரைக்குப் பின்னால் நான் கேட்ட ஜெபத்துக்கு உருவம் இருந்தால் அது அந்த விரல்தான்.

ஹெதருக்கு முப்பது வருடம் முன்னால், 1964 செப்டம்பரில், இதே அரங்கத்தில் நின்றவர் வாண்டா கே வான் டைக். அரிசோனா மாணவி. பொம்மையைப் பேச வைக்கும் கலை அவருடைய திறமை. எப்போதும் வேதாகமத்தைக் கூடவே வைத்திருப்பார் என்று கேள்விப்பட்ட தொகுப்பாளர், அதை அதிர்ஷ்டத்துக்காக வைத்திருக்கும் பொருள் என்கிற மாதிரி மேடையில் கேட்டுவிட்டார். அது அதிர்ஷ்டப் பொருள் இல்லை, தன்னிடம் இருக்கும் புத்தகங்களில் மிக முக்கியமானது என்றார் வாண்டா. கடவுளோடு தனக்கிருக்கும் உறவை மதம் என்பதைவிட விசுவாசம் என்றே சொல்வேன், இன்று இரவும் அவருடைய சித்தமே நடக்கட்டும் என்றுதான் ஜெபிக்கிறேன் என்றார். அன்று இரவு அவர் ஜெயித்தார்.

இந்தக் கதையை எங்கள் வாலிபர் கூட்டத்தில் சொன்னால் உடனே "ஸ்தோத்திரம்" என்பார்கள், சாட்சி சொன்னதால்தான் கிரீடம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படி எடுத்துக்கொண்டால் அவர் மறுத்த அதிர்ஷ்டப் பொருளாகவே வேதாகமத்தை மறுபடி ஆக்கிவிடுகிறோம். அவர் தோற்றிருந்தாலும் அந்தப் பதில் உண்மையாகத்தான் இருந்திருக்கும். அதன் அழகே அதுதான்.

மதியத்துக்கு மேல் அம்மா ஓய்வெடுக்கப் போய்விட்டாள். நான் தனியாக போர்டுவாக்கில் உட்கார்ந்து, ஜூன் மாதத்து நேர்காணலை மறுபடி நினைத்துப் பார்த்தேன். நடுவர்களோடு மூடிய அறையில் நடக்கும் அந்த நேர்காணல் பார்வையாளர்களுக்குத் தெரியாது, ஆனால் போட்டியின் பாதி அங்கேதான் முடிவாகும். ஒரு நடுவர் என் படிவத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவ்வளவு தூரம் சபையோடு இணைந்திருக்கிறீர்கள். கிறிஸ்தவரல்லாத பெண்களுக்கும் நீங்கள் பிரதிநிதியாக இருக்க முடியுமா?" முடியும் என்றேன், ஏன் என்றும் சொன்னேன். நேர்மையான கேள்வி அது. இந்த ஊரில் அதற்கு ஒரு பழைய காயம் இருக்கிறது.

1945 செப்டம்பரில், உலகப் போர் முடிந்த சில நாட்களில், நியூயார்க்கைச் சேர்ந்த பெஸ் மையர்சன் ஜெயித்தார். யூதப் பெண். கல்லூரி உதவித்தொகை முதன்முதலில் கொடுக்கப்பட்டதும் அந்த வருடம்தான், 5,000 டாலர். போட்டியை நடத்திய லெனோரா ஸ்லாட்டர் அவரிடம் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார், கேட்டால் யூதர் என்று தெரியாத ஒரு பெயராக. பெஸ் மாட்டேன் என்றார். கிரீடத்தோடு ஊர் ஊராகப் போனபோது யூதர்களுக்கு இடமில்லை என்ற பலகைகளைப் பார்த்தார். விளம்பரதாரர்களில் சிலர் அவரை வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். அவர் அந்தச் சுற்றுப்பயணத்தை விட்டுவிட்டு, வெறுப்புக்கு எதிராகப் பள்ளிகளில் பேசக் கிளம்பிவிட்டார்.

லெனோரா ஸ்லாட்டர் சதர்ன் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1935இல் இந்த அமைப்புக்குள் வந்தவர். அழகிப் போட்டியைப் படிப்பு உதவித்தொகையாக மாற்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. என் கட்டணத்தில் ஒரு பகுதி கட்டப்பட்டிருக்கிறது என்றால் அதில் அவருடைய கையும் இருக்கிறது. போட்டியாளர்கள் வெள்ளை இனத்தவராக இருக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் ஏழாவது விதி இருந்ததும் அவருடைய காலத்தில்தான். கோயிலுக்குப் போகிற ஒரு பெண்மணி, படிக்க வசதியில்லாத பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, அதே கதவில் இப்படி ஒரு பூட்டையும் தொங்கவிட்டிருக்கிறார். அந்த விதி இருந்த நாளில் என்னைப் போன்ற கறுத்த தோலுக்காரி இந்த மேடையின் படியில்கூடக் கால் வைத்திருக்க முடியாது. அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. கர்த்தர் முகத்தைப் பார்ப்பதில்லை, இருதயத்தைப் பார்க்கிறார் என்று அவரும் ஞாயிறு பள்ளியில் கேட்டிருக்க மாட்டாரா?

2013இல் இதே அரங்கத்தில் நினா தவுலூரி ஜெயித்தார். இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் மிஸ் அமெரிக்கா ஆனது அதுதான் முதல் முறை. அந்த இரவே இணையத்தில் அவர் மேல் கொட்டிய வசைகள் இன்னும் நினைவிருக்கிறது. நான் அப்போது சிறுமி. அவர் இந்தியாவின் சினிமா நடனத்தை அந்த மேடையில் ஆடியதால்தான், சலங்கை கட்டிக்கொண்டு மேடை ஏறுவது என்னால் நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமாயிற்று. ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கு ஆடக் கற்றுக் கொடுத்தது ஹெதர் என்றால், அதைப் பரதமாக ஆடலாம் என்று தைரியம் கொடுத்தது நினா. அந்த நடுவர் மறுபடி கேட்டால் பெஸ் மையர்சனின் பெயரைச் சொல்லித்தான் பதிலைத் தொடங்குவேன்.

சனி, ஓஷன் சிட்டி

காலையிலிருந்து மழை. அட்லாண்டிக் சிட்டிக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் ஓஷன் சிட்டி. 1879இல் மெத்தடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர்கள் சேர்ந்து கிறிஸ்தவர்களின் ஓய்விடமாக உருவாக்கிய ஊர். இன்று வரை ஊருக்குள் மது விற்பனை கிடையாது. ஒரே கடல், ஒரே மரப்பலகைப் பாதை, ஆனால் இங்கே குடும்பங்களும் சைக்கிள்களும்தான். மழையில் அதிகம் சுற்ற முடியவில்லை. காரிலேயே உட்கார்ந்து பேசினோம்.

சபையில் அம்மாவிடம் கேட்டவர்களைப் பற்றித்தான் பேச்சு. "அவங்க கேக்குறதுலயும் ஞாயம் இருக்குல்ல? மயிரைப் பின்னுறதும் பொன்னாபரணமும் வேண்டாம்னு பேதுரு எழுதியிருக்காரே" என்றாள். இருக்கிறது. சாந்தமும் அமைதியுமுள்ள ஆவியே அழியாத அலங்காரம் என்கிற அந்த வசனத்தை நான் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன். ஆனால் சாமுவேலின் புத்தகத்தில் கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார் என்று சொல்லி, சில வசனம் தாண்டியதும் தாவீது அழகிய கண்களும் நல்ல ரூபமும் உள்ளவன் என்று எழுதியிருக்கிறது. அழகை வேதம் வெறுக்கவில்லை. அழகை வைத்து ஆளை அளப்பதைத்தான் வெறுக்கிறது. மேடையில் நிற்கும் எங்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், ஏனென்றால் எங்களை அளக்கிறவர்கள் முன்னால்தான் நிற்கிறோம்.

என்னை ஆதரிக்கிறவர்கள் உடனே வேதாகமத்தில் வரும் எஸ்தர் ராணியை எடுத்துக்கொண்டு வருவார்கள். "எஸ்தர்கூட அழகிப் போட்டியில ஜெயிச்சவதானே!" அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் என்னால் அதை ஏற்க முடியவில்லை. எஸ்தர் போட்டிக்குப் போகவில்லை, ராஜ கட்டளையால் கொண்டுபோகப்பட்டாள். ஆறு மாதம் வெள்ளைப்போளத் தைலம், ஆறு மாதம் சுகந்தவர்க்கம் என்று அவளைத் தயார் செய்ததில் அவள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. நான் என் விருப்பத்தோடு போகிறேன், வேண்டாம் என்றால் திரும்பி வரலாம். அந்தச் சுதந்திரம் எனக்கு இருக்கும்போது அவள் துயரத்தை எனக்கு நியாயமாக்கிக்கொள்ள மனசு வரவில்லை.

வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் என்றதும் யோலாண்ட் பெட்பீஸைச் சொல்ல வேண்டும். அலபாமாவில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த கத்தோலிக்கப் பெண், ஓபரா பாடகி. மிஸ் அமெரிக்கா 1951 பட்டத்தை வாங்கிய பிறகு, இனி நீச்சலுடையில் விளம்பரத்துக்கு நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கோபித்துக்கொண்ட நீச்சலுடை நிறுவனம் விலகிப் போய், மிஸ் யுனிவர்ஸ் போட்டியைத் தொடங்கியது. மிஸ் அமெரிக்காவில் நீச்சலுடைச் சுற்றை எடுத்ததோ 2018இல்தான். அந்தச் சுற்று இருந்திருந்தால் நான் இதற்குள் வந்திருக்க மாட்டேன். மற்றவர்களுக்கு விதி எழுதுவதற்காக இதைச் சொல்லவில்லை, என் மனசாட்சிக்கு ஒத்துவராது என்பதைத்தான் சொல்கிறேன்.

உடம்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். போட்டிக்கு முன்னால் பட்டினி கிடக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். என் அறைத்தோழி விசுவாசி இல்லை. ஒருமுறை நான் சாப்பிடாமல் படுத்தபோது, "இது உபவாசமா, இல்லை கவுனுக்காகவா?" என்று கேட்டாள். அன்று அது உபவாசம்தான். ஆனாலும் அந்தக் கேள்வியை நான் விடவில்லை. ஒத்திகைக் காலம் முழுக்க உணவை விட்டு உபவாசம் இருப்பதில்லை என்று முடிவெடுத்தேன். வேண்டுமானால் போனை விட்டு இருப்பேன். சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்ற வசனத்தைச் சொல்லியே சிலர் டயட் விற்கிறார்கள். ஆலயத்தைப் பட்டினி போடுவதற்கு அந்த வசனத்தில் இடமில்லை.

"ஒன் அறைத்தோழி நல்ல பொண்ணு" என்றாள் அம்மா. மழை விட்டதும் கிளம்பினோம்.

ஞாயிறு, ஓஷன் குரோவ்

விடிகாலையிலேயே கிளம்பி வடக்கே ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி இங்கே வந்தோம். 1869இல் மெத்தடிஸ்டுகள் கூடார ஆராதனைக்காக உருவாக்கிய ஊர் ஓஷன் குரோவ். நூற்றுக்கும் அதிகமான கூடாரங்கள் இன்றும் இருக்கின்றன. முன்பக்கம் துணிக் கூடாரம், பின்பக்கம் சின்ன மர அறை. வாசலில் பூந்தொட்டி, சாய்வு நாற்காலி. ஒரு கூடாரத்தின் முன்னால் வயதான ஒருவர் இரவு உடையிலேயே உட்கார்ந்து வேதாகமம் வாசித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மறுபடி பக்கத்துக்குள் போய்விட்டார்.

இந்த ஊரில் ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வண்டியே ஓடக்கூடாது. சனி நள்ளிரவில் ஊர் வாசலைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். சொந்தக் காரைக்கூட ஊருக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மத அமைப்பு ஒன்று அரசின் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்க முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1979இல் தீர்ப்புச் சொன்ன பிறகு அந்தக் காலம் முடிந்தது. சத்தமே இல்லாத ஞாயிற்றை நினைத்துப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சங்கிலி போட்டு வாங்கிய அமைதி எனக்கு வேண்டாம். விசுவாசிக்காதவன் வண்டியையும் சேர்த்தல்லவா அந்தச் சங்கிலி பூட்டியது!

ஆராதனை கிரேட் ஆடிட்டோரியத்தில். 1894இல் கட்டிய மரக் கட்டடம், ஆயிரக்கணக்கானோர் உட்காரலாம். பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்து வைத்தால் கடல் காற்று நேராக உள்ளே வருகிறது. மேடைக்கு மேலே ஒளிரும் எழுத்துகளில் 'கர்த்தருக்குப் பரிசுத்தம்' என்ற வார்த்தைகள். யாத்திராகமத்தில் பிரதான ஆசாரியனான ஆரோனின் பாகையில் கட்டும் பொற்பட்டத்தில் பொறித்த வார்த்தைகள் அவை. பரிசுத்த கிரீடத்தின் பட்டம் என்று வேறொரு இடத்தில் வரும். ஆரோன் அதை நெற்றியில் கட்டியது தன்னைக் காட்டிக்கொள்ள அல்ல, ஜனங்களின் அக்கிரமத்தைச் சுமந்து நிற்க. தலையில் ஏறுகிற எதுவும் இன்னொருவரின் பாரத்தோடு சேர்ந்துதான் ஏற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அகதிக் குடும்பத்துப் பிள்ளைகளோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து ஆங்கிலம் வாசிக்கிறேன். போட்டிக்கு வருவதற்கு முன்பே தொடங்கிய வேலை அது. அதைத்தான் போட்டியிலும் என் சமூகப் பணியாகப் பதிந்திருக்கிறேன். கிரீடம் வந்தால் அந்தப் பிள்ளைகளுக்காகப் பேச இன்னும் நாலு கதவு திறக்கும். வராவிட்டாலும் புதன்கிழமை வாசிப்பு நடக்கும்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி எங்களோடு பேச்சுக் கொடுத்தார். ஊரெல்லாம் விசாரித்துவிட்டு, "உங்கள் குடும்பம் எப்போது கிறிஸ்தவர்கள் ஆனார்கள்?" என்று கேட்டார். அமெரிக்க சபைகளில் இது எனக்குப் பழகிய கேள்வி. தமிழில் புதிய ஏற்பாடு 1715இலேயே தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது என்று சொன்னேன். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம், கையைப் பிடித்துக்கொண்டார். மெத்தடிஸ்ட் இயக்கம் தொடங்குவதற்கே முன்னால் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். அப்புறம் போட்டியைப் பற்றிச் சொன்னதும், "மறுபடி போவாயா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் அம்மா முந்திக்கொண்டாள்: "போவா." அம்மா அதை முடிவாகச் சொன்னது அதுதான் முதல் முறை.

மதியம் போனைத் திறந்தபோது மின்னஞ்சல் வந்திருந்தது. ஞாயிறு காலை ஒத்திகையை மாற்ற முடியாதாம். மண்டபம் அந்த நேரத்துக்குத்தான் கிடைக்கிறதாம். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

"காலையில எட்டு மணி ஆராதனைக்கு வேற சபைக்குப் போய்ட்டு ஒத்திகைக்குப் போயேன்மா. ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்" என்றாள் அம்மா.

அது சரிதான். ஆராதனை மட்டும் என்றால் அப்படிச் செய்திருப்பேன். ஆனால் பத்து மணிக்கு ஞாயிறு பள்ளியில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் எனக்காகக் காத்திருப்பார்கள். அதில் ஒரு பையன் போன வருடம் முழுக்க வாயே திறக்காமல் இருந்து, இப்போதுதான் வசனம் சொல்ல ஆரம்பித்திருக்கிறான். நான் இல்லாத ஒரு வாரம் அவன் மறுபடி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான் என்று சொன்னார்கள். ஓய்வுநாள் சட்டத்துக்காக நான் ஒத்திகையை விடவில்லை, அவனுக்காக விடுகிறேன். அம்மாவிடம் இதைச் சொன்னதும், "அப்ப அதையே எழுது" என்றாள்.

எழுதி அனுப்பிவிட்டேன். விண்ணப்பத்தையும் நிரப்பிக் கூடவே இணைத்திருக்கிறேன். ஞாயிறுகளில் பன்னிரண்டரை மணிக்குத்தான் வர முடியும், தவறவிட்ட பகுதியை வார நாட்களில் தனியாக வந்து கற்றுக்கொள்கிறேன், அது ஒத்துவராது என்றால் என் இடத்தை அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன் என்று. வருத்தப்படுவேன்தான், ஆனால் அவள் மேல் அல்ல.

அம்மா காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை வகுப்பு தொடங்குகிறது, உயிர்வேதியியல் புத்தகம் இன்னும் வாங்கவில்லை. அவர்களிடமிருந்து பதில் வந்ததும் எழுதுகிறேன்.